பழைய மருந்துக் குப்பிகள் சேகரிப்பது எப்படி? சிங்கப்பூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்பட்டது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு சீனப் பெரியவரிடம் எட்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து என் முதல் மருந்துக் குப்பியை வாங்கினேன். வெளிர் நீலப்பச்சைக் கண்ணாடி, எட்டுப் பட்டை, உள்ளங்கை அகலம். ஒரு பக்கத்தில் பழுப்பேறிய காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்து, அன்றிரவே பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் காகிதம் கூழாகி மிதந்தது. குப்பி பளபளவென்று இருந்தது.

அடுத்த மாதம் மலேசியாவின் குளுவாங்கிலிருந்து வந்த பெரியம்மா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மிக்சர் போத்தல்தானே? இதுல அளவுச் சீட்டு ஒட்டியிருக்குமேய்யா, எங்க?" என்று கேட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) மருந்தை ஊற்றிவிட்டு, நீளக் காகிதத்தை மடித்து ஓரத்தைப் பல் பல்லாகக் கத்தரித்து, பசை தடவிப் பக்கவாட்டில் ஒட்டுவாராம். ஒரு பல் ஒரு வேளை. நான் கூழாக்கியது அதைத்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் கழுவுவது மிகவும் பின்னால்தான் வரும். முதலில் படிக்கக் கற்றுக்கொள்வோம்.

முதல் படி: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

பார்த்ததையெல்லாம் வாங்கினால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஆறு மாதத்தில் இடம் தீர்ந்துவிடும். ஐந்து வகைகளைச் சொல்கிறேன். ஒன்றில் தொடங்குங்கள்.

மிக்சர் குப்பிகள்: மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மருந்துக்கடைக்காரரோ கம்பவுண்டரோ கலந்து ஊற்றிக் கொடுத்தவை. சிலவற்றில் அவுன்ஸ் கோடுகளோ மேசைக்கரண்டி அளவுகளோ கண்ணாடியிலேயே புடைத்திருக்கும். அது இல்லாதவற்றுக்குத்தான் காகித அளவுச் சீட்டு. விலை குறைவு, எளிதில் கிடைக்கும். புதியவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

நச்சுக் குப்பிகள்: அடர்நீலம், பச்சை அல்லது பழுப்பு நிறம், பெரும்பாலும் ஆறு பட்டை, மேலே வரிவரியாகப் புடைப்பு. பிரிட்டனில் 1868-இல் வந்த மருந்தகச் சட்டம், நச்சுப் பொருளை விற்கும்போது 'நச்சு' என்று லேபிளில் எழுத வேண்டும் என்றது. ஆனால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் லேபிளை யார் படிப்பது? இருட்டில் கைபட்டாலே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வரிகளும் பட்டைகளும். 'உட்கொள்ளக் கூடாது' என்ற ஆங்கில வாசகம் பல குப்பிகளில் புடைப்பெழுத்தில் இருக்கும். அழகானவை, ஆகவே போலிகளும் அதிகம்.

கடை அலமாரிக் குப்பிகள்: மருந்துக்கடையில் வரிசையாக நின்ற உருளைகள். சேகரிப்பவர்கள் 'ஷாப் ரவுண்ட்' என்பார்கள். திரவத்துக்கு ஒடுங்கிய வாய், தூளுக்கு அகன்ற வாய். தேய்த்துப் பொருத்திய கண்ணாடி மூடியும் பொன்வரி லேபிளும் இருக்கும். இவைதான் விலை அதிகம்.

காப்புரிமை மருந்துகள் என்று விளம்பரப்படுத்தப்பட்டவை: ஸ்காட்ஸ் எமல்ஷன், ஈனோஸ், உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் போன்றவை. முதுகில் பெரிய மீனைத் தூக்கிச் செல்லும் மீனவர் கண்ணாடியிலேயே புடைத்திருக்கும் ஸ்காட்ஸ் போத்தலைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அந்த மீன் எண்ணெய் வாடை அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஐந்தாவது, எனக்கு மிகவும் பிடித்தது: நம் ஊர்த் தைலங்கள். ஓ பூன் ஹாவ் 1926-இல் ரங்கூனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, நீல் சாலையில் டைகர் பாம் தயாரித்தார். அந்த ஆறுகோணச் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் உலகத்துக்கே தெரியும். லியுங் காய் ஃபூக் நிறுவனம் 1928-இல் இங்கே தொடங்கிய ஆக்ஸ் பிராண்ட் எண்ணெயைத் தமிழ்நாட்டில் கோடாலித் தைலம் என்றால்தான் தெரியும். சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனவர்களின் பெட்டியில் அது இல்லாமல் இருந்ததில்லை. அமிர்தாஞ்சனம் 1893-இல் பம்பாயில் பிறந்து, பிறகு சென்னைக்கு வந்து, அங்கிருந்து மலாயா வீடுகளுக்கும் வந்தது. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இவற்றை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நாம் சேர்க்காவிட்டால் யார் சேர்ப்பார்கள்?

இரண்டாம் படி: விரலால் படியுங்கள்

இதற்கு நேரம் கொடுங்கள். ஒரு குப்பியின் வயதைச் சொல்ல மூன்று இடங்கள் போதும்: பக்கவாட்டுக் கோடு, வாய், அடி.

பக்கவாட்டில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். கண்ணை நம்பாதீர்கள், விரல் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழுங்கள். கோடு கழுத்தில் எங்கேயோ மறைந்துபோனால், வாய் விளிம்பைத் தனியாகக் கையால், கருவி கொண்டு முடித்திருக்கிறார்கள் என்று பொருள். கோடு விளிம்பின் உச்சிவரை ஏறித் தாண்டினால் அது இயந்திரத்தில் செய்தது. அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் 1903 வாக்கில் தானியங்கிப் போத்தல் இயந்திரத்தை உருவாக்கினார். 1910களிலும் 1920களிலும் கையால் ஊதும் வேலையை இயந்திரம் மெல்ல மெல்லத் தள்ளிவிட்டது. ஆகவே கழுத்தில் நிற்கும் கோடு என்றால் ஏறத்தாழ முதல் உலகப் போருக்கு முந்தையது என்று கணக்கு வைக்கலாம். விதிவிலக்கும் உண்டு. ஊதும்போதே அச்சுக்குள் சுழற்றிய குப்பிகளில் கோடே இருக்காது, படுக்கை வாட்டில் மெல்லிய வளையங்கள் தெரியும்.

வாயைப் பாருங்கள். பழைய முறையில், தனியாக உருக்கிய கண்ணாடியைக் கழுத்தின் மேல் வளையமாக ஒட்டி அழுத்துவார்கள். ஒட்டிய இடத்தில் கீழே கொஞ்சம் வழிந்து நிற்கும், நெய் வழிந்து உறைந்ததுபோல. பிற்காலத்தில் கழுத்துக் கண்ணாடியையே சூடாக்கிக் கருவியால் திருகி வடிவம் கொடுத்தார்கள். அதில் அந்த வழிவு இருக்காது, கழுத்தைச் சுற்றி மெல்லிய சுழற்கோடுகள் இருக்கும். திருகுமூடி உள்ளவை பெரும்பாலும் 1920களுக்குப் பிந்தியவை. அதுவரை தக்கைதான் ஆட்சி செய்தது.

பிறகு அடி. நடுவில் கரடுமுரடான வட்டத் தழும்பு இருந்தால், ஊதும்போது இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடித்து உடைத்தெடுத்த தடம் அது. இதைப் பொண்டில் தழும்பு என்பார்கள். சாதாரண அச்சுக் குப்பிகளில் 1860களுக்குப் பிறகு இது அருகிப்போனது, ஏனென்றால் குப்பியைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி வந்துவிட்டது. ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடை அலமாரிக் குப்பிகளில் கைவேலை நெடுநாள் தொடர்ந்தது. அவற்றின் அடியில் தழும்பைத் தேய்த்து வழுவழுப்பாக்கிய குழி இருக்கும். அதை மட்டும் வைத்து 1850 என்று விலை சொன்னால் நம்பாதீர்கள். மையம் விலகி, ஓரம் இறகுபோல் பிசிறடித்த வட்ட வடு அடியில் இருந்தால் அது ஓவன்ஸ் இயந்திரத்தின் கையெழுத்து.

கண்ணாடிக்குள் குமிழி இருந்தால் பழசு என்று எல்லோரும் சொல்வார்கள். இப்போது அலங்காரத்துக்காகவே குமிழி விட்டு ஊதுகிறார்கள். குமிழியைத் துணைச்சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மணலில் உள்ள இரும்புதான் அந்த நீலப்பச்சையைத் தருகிறது, அது யாரும் சேர்த்த நிறமில்லை. அடர்நீலம் கோபால்ட். பழுப்பு நிறம் ஒளியால் கெடும் மருந்துகளுக்காக. இரும்பின் நிறத்தைப் போக்க மாங்கனீசு சேர்த்த கண்ணாடி, வெயிலில் பல ஆண்டுகள் கிடந்தால் இளம் ஊதாவாக மாறும். இந்த வழக்கம் 1920 வாக்கில் பெரும்பாலும் நின்றுவிட்டது. கத்திரிக்காய் நிறத்தில் அடர் ஊதாவாக ஒன்று வந்தால், கதிர்வீச்சுக்கு ஆட்படுத்தி மாற்றியிருப்பார்கள். விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: லேபிளின் லத்தீனைப் பழகுங்கள்

அலமாரிக் குப்பிகளில் முழுப்பெயர் இருக்காது, சுருக்கங்கள்தான். 'டிங்க்ட்' என்றால் சாராயத்தில் ஊறவைத்த சாறு. 'சிர்' பாகு. 'பல்வ்' தூள். 'ஓல்' எண்ணெய். 'லிக்' கரைசல். 'ஆக்' நீர். 'உங்' களிம்பு. இந்த ஏழும் தெரிந்தால் பாதிக் கடையைப் படித்துவிடலாம்.

படிக்கப் படிக்க நம் அடுப்படியே வந்து நிற்கும். 'ஓல் ரிசினி' ஆமணக்கெண்ணெய். 'ஓல் காரியோஃப்' கிராம்பு எண்ணெய், பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைத்தது. 'ஆக் அனெத்தி' சதகுப்பை நீர், குழந்தையின் வயிற்று உப்புசத்துக்கு. கிரைப் வாட்டருக்கு அடிப்படை அதுதான்.

லேபிள் எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. சிலவற்றில் கண்ணாடியில் ஆழமில்லாத பள்ளம் விட்டு, லேபிளை அதில் வைத்து, மேலே வளைந்த கண்ணாடித் தகட்டைப் பதித்திருப்பார்கள். அமெரிக்காவில் வால்ட்டன் என்பவர் 1862-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தேதி பொறித்த குப்பிகளும் உண்டு. தகட்டில் விரிசல் இருந்தால் விலை பாதியாகக் குறைய வேண்டும், பேசிப் பாருங்கள்.

மூடியைக் கட்டாயம் சோதியுங்கள். தேய்த்துப் பொருத்திய மூடி ஒவ்வொன்றும் தன் குப்பிக்கு மட்டுமே பொருந்தும். மாறிவிடக் கூடாது என்று மூடியிலும் கழுத்திலும் ஒரே எண்ணைச் சிறியதாகக் கீறியிருப்பார்கள். மூடியை வைத்து மெல்லத் திருப்பினால் சத்தமில்லாமல், ஆடாமல் உட்கார வேண்டும். லொடலொடத்தால் வேறு குப்பியின் மூடி.

நான்காம் படி: எங்கே தேடுவது

சுங்கை ரோடு இல்லாமல் போனது பெரிய இழப்பு. ஆனாலும் வழிகள் இருக்கின்றன. சைனாடவுன் பக்கத்துப் பழம்பொருள் கடைகளில் தைலப் போத்தல்களும் சீன மருந்துச் சின்னக் குப்பிகளும் கிடைக்கும். சால்வேஷன் ஆர்மி கடைகளில் எப்போதாவது நல்லது சிக்கும். வீடு காலி செய்பவர்கள் கரூசெல் என்ற இணைய விற்பனைத் தளத்தில் 'பழைய பாட்டில்' என்று பொதுவாகப் போட்டுவிடுவார்கள், பொறுமையாகத் தேடினால் அகப்படும்.

நான் சொல்வதில் ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள்: உங்கள் வட்டாரத்துக் காராங்குனிக்காரரிடம், அதாவது வீடு வீடாகப் பழைய சாமான் வாங்குபவரிடம் பழகுங்கள். ஹாரன் சத்தம் கேட்டால் கீழே இறங்கிப் போய், "அங்கிள், பழைய மருந்து போத்தல் வந்தால் எனக்குச் சொல்லுங்க, உடைக்க வேண்டாம்" என்று கைப்பேசி எண்ணைக் கொடுத்து வையுங்கள். அவர்களுக்குக் கண்ணாடியால் பெரிய வருமானம் இல்லை. ஐந்து வெள்ளி கொடுத்தால் சந்தோஷமாக எடுத்து வைப்பார்கள். என்னிடம் உள்ள சிறந்த நான்கு குப்பிகள் இப்படி வந்தவைதான்.

ஜொகூர் பாருவின் பசார் காராட், ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமை மெமரி லேன், பினாங்கின் லோரோங் குலிட், மலாக்காவின் ஜோங்கர் தெரு எல்லாம் போகத் தகுந்தவை. தோட்ட ஆஸ்பத்திரிச் சாமான்கள் ஜொகூர் பக்கம் இன்னும் வருகின்றன. திரும்பும்போது ஒரு கணக்கு: சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்துவிட்டு வந்தால் 100 வெள்ளி மதிப்புவரைதான் ஜிஎஸ்டி விலக்கு. அதற்கு மேல் என்றால் அறிவித்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கினாலும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2023 முதல் பெரிய விற்பனைத் தளங்கள் ஜிஎஸ்டியை விலையிலேயே சேர்த்துவிடுகின்றன. இப்போது 9 விழுக்காடு. கப்பல் செலவும் சேர்ந்தால் மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய குப்பைமேடுகளைத் தோண்டிக் குப்பி எடுப்பது பெரிய பொழுதுபோக்கு. காணொளி பார்த்துவிட்டு இங்கே மண்வெட்டி எடுக்காதீர்கள். அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். இந்த மண்ணுக்குள் போர்க்கால வெடிகுண்டுகளும் கிடக்கின்றன. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கித் தீமாவில் கட்டுமான இடத்தில் 100 கிலோ குண்டு கிடைத்து, சுற்றுவட்டார மக்களை வெளியேற்றிவிட்டுத்தான் வெடிக்கச் செய்தார்கள்.

ஐந்தாம் படி: உள்ளூர்ப் பெயருக்கு மதிப்புக் கொடுங்கள்

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. லண்டனில் செய்த அழகான நீலக் குப்பியை உலகத்தில் எங்கும் வாங்கலாம். ஆனால் ஒரு மருந்துக்கடையின் பெயரோடு 'சிங்கப்பூர்' என்று புடைத்து நிற்கும் சாதாரணக் குப்பி இந்தத் தீவின் கதை. மேனார்ட், மெடிக்கல் ஹால் போன்ற கடைகள் பேட்டரி ரோடு, ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தன. அப்படி ஒரு பெயர் கிடைத்தால் சின்னக் கீறலைப் பார்க்காதீர்கள், வாங்கிவிடுங்கள்.

வாங்கிய பிறகு தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி இணையத் தொகுப்புக்குப் போங்கள். இலவசம். 1845-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் பழைய இதழ்களும், 1935-இல் பிறந்த தமிழ் முரசின் இதழ்களும் அங்கே இருக்கின்றன. கடையின் பெயரைத் தட்டித் தேடினால் விளம்பரம் வரும். விளம்பரத்தில் முகவரி இருக்கும். கடை எந்த ஆண்டில் எந்தத் தெருவில் இருந்தது என்று பட்டியலிட்டால், குப்பியில் உள்ள முகவரியை வைத்தே ஐந்து பத்து ஆண்டுக்குள் வயதைக் குறுக்கிவிடலாம். கண்ணாடிக் கோட்டைவிடத் துல்லியமான சாட்சி இது. ஒரு சனிக்கிழமை முழுக்க இதில் உட்கார்ந்துவிட்டு மாலை வெயில் போனதே தெரியாமல் எழுந்திருக்கிறேன்.

ஆறாம் படி: போலியைப் பிரித்தறிதல்

அடியைத் திருப்பிப் பாருங்கள். நூறு ஆண்டு மர அலமாரியில் இழுபட்ட குப்பியின் அடியில் கீறல்கள் தாறுமாறாக, நீளமும் ஆழமும் மாறி மாறி இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எல்லாக் கீறலும் ஒரே திசை, ஒரே தடிமன். பூதக்கண்ணாடி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

நச்சுக் குப்பி என்று விற்பவற்றில் மண்டையோட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிய லேபிள்களும் உண்டு. உண்மையான பழங்காகிதம் ஓரத்தில் அதிகமாகப் பழுத்து, மருந்து வழிந்த பக்கத்தில் கறை கொண்டிருக்கும். தேநீர்ப் பழுப்பு முழுக்க ஒரே சீராக இருக்கும். அமெரிக்காவின் வீட்டன் நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டில் பழைய வடிவங்களை நினைவுப் பொருளாக நிறையச் செய்து விற்றது. அவற்றின் அடியில் நிறுவனத்தின் பெயரே இருக்கும். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கை மாறிக் கை மாறி வரும்போது கதை ஒட்டிக்கொள்கிறது.

'அபின் குப்பி' என்று விரல் நீளச் சின்னக் குப்பிகளை விற்பார்கள். பெரும்பாலும் அவை சீன மருந்துக்கடையின் தூளும் மாத்திரையும் வந்த குப்பிகள்தான். அபின் என்ற சொல்லுக்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கண்ணாடி மங்கியிருப்பதை மறைக்க உள்ளே எண்ணெய் தடவி விற்பதும் வழக்கம். எனக்கு ஒருமுறை அப்படி நேர்ந்தது. கடையில் பளிங்குபோல் மின்னியது வீட்டில் கழுவியதும் பனி படிந்ததுபோல் வெளுத்தது. வாங்கும் முன் காகிதத் துண்டைச் சுருட்டி உள்ளே விட்டு எடுங்கள். பிசுபிசுத்தால் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: உள்ளே ஏதாவது இருந்தால்

இதை நிதானமாகப் படியுங்கள். பழைய மருந்து என்பது பழைய நஞ்சு. பாதரச உப்புகள், ஆர்சனிக், ஸ்ட்ரிக்னின் எல்லாம் அன்றாடச் சரக்காக இருந்த காலம் அது. மோந்து பார்க்கக் கூடாது. மூடி இறுகியிருந்தால் வலுக்கட்டாயமாகத் திறக்கக் கூடாது.

மிகவும் ஆபத்தானது பிக்ரிக் அமிலம். தீப்புண்ணுக்குப் போடப் பயன்பட்ட மஞ்சள் நிறப் பொருள். ஈரமாக இருக்கும்வரை பரவாயில்லை. காய்ந்து, மூடியின் இடுக்கில் மஞ்சள் படிகமாகிவிட்டால் திருகும் உராய்விலேயே வெடிக்கலாம். நெடுநாள் கிடந்த ஈதரும் அப்படித்தான். அந்தப் பெயர்களைப் பார்த்தால் தொடாமல் விலகி வந்து 995-ஐ அழையுங்கள். குடிமைத் தற்காப்புப் படையினர் பார்த்துக்கொள்வார்கள். மற்ற மருந்துகளையும் கழிவுத்தொட்டியில் கொட்டாதீர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுக்கழிவு நிறுவனங்கள் இருக்கின்றன.

அடுத்தது சட்டம். 'டிங்க்ட் ஓபி' என்று லேபிள் இருந்தால் அது அபின் சாறு. 'கோகெய்ன்' என்று எழுதிய குப்பிகளும் உண்டு. சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று சொல்லத் தேவையில்லை. பழம்பொருள் என்ற வாதத்தை நம்பி இறங்காதீர்கள். உள்ளே சொட்டோ தூளோ ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள், அஞ்சலில் தருவிக்காதீர்கள், எல்லை தாண்டிக் கொண்டுவராதீர்கள். எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் சரி.

எட்டாம் படி: இப்போது கழுவலாம்

முதலில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். காகிதம், பசைத்தடம், பொன்னெழுத்து, தக்கைத் துணுக்கு எது இருந்தாலும் அந்தப் பக்கம் தண்ணீரே படக் கூடாது. மென்மையான வண்ணத்தூரிகையால் தூசியை மட்டும் தட்டி எடுங்கள். உள்ளே மட்டும் கழுவ வேண்டுமென்றால் புனல் வைத்து ஊற்றி, வெளியே வழியாமல் சாய்த்து எடுக்கலாம்.

லேபிள் எதுவும் இல்லாத குப்பிக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுச் சோப்பு. கொதிநீர் வேண்டாம், பழைய கண்ணாடி சட்டென்று விரிசல் விடும். உள்ளே படிந்த அழுக்குக்கு ஒரு பிடி பச்சரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுச் சுழற்றுங்கள். குலுக்க வேண்டாம், சுழற்றினால் போதும். நச்சுக் குப்பியாக இருந்திருக்கும் என்று தோன்றினால் கையுறை போடுங்கள், அந்த அரிசியைக் காக்கைக்கும் போட்டுவிடாதீர்கள். வெள்ளைச் சுண்ணாம்புப் படிவுக்கு நீர்த்த வினிகரில் ஓரிரவு.

அதன் பிறகும் மங்கலாக இருந்தால், நனைத்தபோது மறைந்து உலர்ந்ததும் திரும்புகிறதா என்று பாருங்கள். வினிகருக்கும் அசையாமல் அப்படித் திரும்பினால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. தேய்த்துப் பயனில்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒட்டிக்கொண்ட மூடிக்கு அவசரமே ஆகாது. உள்ளே ஒன்றுமில்லை என்று நிச்சயம் தெரிந்தால் மட்டும், விளிம்பைச் சுற்றி இரண்டு சொட்டுக் கிளிசரின் விட்டு இரண்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு முடி உலர்த்தியால் கழுத்தை மட்டும் லேசாகச் சூடாக்கித் துணியால் பிடித்து மெல்லத் திருப்புங்கள். வரவில்லையா, மறுபடியும் கிளிசரின். ஒரு மூடிக்கு நான் மூன்று வாரம் காத்திருக்கிறேன்.

ஒன்பதாம் படி: நம் காற்றில் வைத்துக் காப்பது

கண்ணாடிக்கு ஈரம் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. சில பழைய கண்ணாடிகளில் உப்பு அதிகம், நம் ஊர் ஈரக்காற்றில் அது வெளியே கசிந்து வழுவழுவென்று வியர்க்கும். லேபிள்களைப் பூஞ்சையும் வெள்ளிப்பூச்சியும் தின்னும். புகைப்படக்காரர்கள் லென்ஸ் வைக்கும் டிரை கேபினெட்தான் எனக்குத் தெரிந்த நல்ல தீர்வு. ஈரப்பதத்தை 45 விழுக்காட்டை ஒட்டி வைத்து, லேபிள் உள்ளவற்றை அதில் அடுக்குகிறேன். லேபிள் இல்லாதவை சாதாரணக் கண்ணாடி அலமாரியில் நலமாகவே இருக்கின்றன.

மேற்குப் பார்த்த ஜன்னல் பக்கம் வேண்டாம், மாலை வெயிலில் மை வெளுத்துவிடும். தேய்த்துப் பொருத்திய மூடிகளை இறுக்காமல், இடையில் மெல்லிய காகிதப் பட்டை வைத்து மூடுங்கள்.

மருந்துக்கடை ஜன்னலில் வண்ணத் தண்ணீர் நிரப்பி வைத்த பெரிய கண்ணாடிக் குடுவைகள் உங்களிடம் இருந்தால், இங்கே தண்ணீர் ஊற்றி அலங்காரம் செய்ய ஆசைப்படாதீர்கள். மூடி சரியாக அடைக்காவிட்டால் ஏடிஸ் கொசு அதில்தான் முட்டையிடும். டெங்கிச் சோதனைக்கு வரும் அதிகாரியிடம் இது பழம்பொருள் என்று விளக்கம் சொல்லிப் பயனில்லை. பின்னால் ஒரு வண்ணத் தாளை ஒட்டினால் அதே நிறம் வந்துவிடும்.

பத்தாம் படி: ஒரு குப்பிக்கு ஓர் அட்டை

எங்கே, எப்போது, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கியது. உயரம், நிறம், கோடு எங்கே நிற்கிறது, அடியில் என்ன. புடைப்பெழுத்து எழுத்துக்கு எழுத்து. இவ்வளவும் தபாலட்டை அளவில் அடங்கும். விற்றவர் சொன்ன கதையையும் எழுதுங்கள். ஆனால் 'விற்றவர் சொன்னது' என்று போட்டு, நீங்களே பார்த்து உறுதிசெய்ததைத் தனியாக எழுதுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் பிற்பாடு பிரிக்க முடியாது.

என் முதல் குப்பியின் அட்டையில் இப்படி இருக்கிறது: "எண் 1. சுங்கை ரோடு, ஜூன் 2017, 8 வெள்ளி. எட்டுப் பட்டை, நீலப்பச்சை. கோடு கழுத்தில் நிற்கிறது. இடது பட்டையில் அளவுச் சீட்டு இருந்தது; கழுவும்போது போய்விட்டது. பசைத்தடம் மட்டும், 7 செ.மீ. நீளம். பல் எத்தனை என்று எண்ணவில்லை." அதன் பின்பக்கத்தில் பெரியம்மா தன் கையால் ஓர் அளவுச் சீட்டை வரைந்து கொடுத்திருக்கிறார், ஆறு பல்லோடு. "மூணு வேளை, ரெண்டு நாளைக்கு" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார்.